அலுமாரிக்குள் பாடியவர்

என் மூத்த சகோதரி, ராத்தாவின் புருசன் பாடுவதைக் காதால் கேட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்ணால் கண்டவர் ஒருவர்கூட இல்லை. ராத்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். அவர் மௌத்தாகிச் சில வருசங்களாகிவிட்டன. பெயரைப் போட்டு எழுதினால் கபுறுக்குள்ளேயும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதனால் பெயரை விடுகிறேன். ஊர்க்காரர்களுக்கு எப்படியும் ஆளைத் தெரியும்.

அப்படி ஒரு வெட்கம் பிடித்த மனிசன். கல்யாணப் படத்தில் அவருடைய தலைப்பாகை மட்டும்தான் தெரியும், முகம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சோறு போதுமா என்று கேட்டால் பசியோடு இருந்தாலும் போதும் என்பார். கடையில் மிச்சக் காசு குறைந்தால் திருப்பிக் கேட்கமாட்டார், அடுத்த நாள் அந்தக் கடைப் பக்கம் போகவும் மாட்டார். காசு குறைந்தது தெரியவந்தால் கடைக்காரன் வெட்கப்படுவானாம். அல்லாவே, இவரோடு எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று ராத்தாவிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை வேலை அவருக்கு. ஆலை ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அந்த இரைச்சலுக்குள் போய் நின்றுகொண்டுதான் மச்சான் பாடுவார். யாருக்கும் கேட்காது என்ற தைரியம். ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. ஆலை சட்டென்று நின்றது, மச்சான் நிற்கவில்லை. உமிக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தனியாக எழும்பி மேலே மேலே போயிருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்காமல் நின்றார்களாம். தவிடு வாங்க வந்த பெண்கள் முக்காட்டை ஒதுக்கிக் காது கொடுத்தார்களாம். பாட்டு நடுவில் அறுந்தது. போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, பின்பக்கத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வேலைக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் குந்திக்கொண்டார். ஆலை முதலாளியே தேடி வந்தார்.

"என்ன தம்பி, களவெடுத்தவன் மாதிரி ஓடிட்டீங்க? பாடினத்துக்கு ஆராவது ஓடுவானா?"

மச்சான் கதிரையின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "எல்லாரும் கேட்டாங்களா?" என்றார். "ஓம், கேட்டம். என்ட சீவியத்தில அப்பிடியொரு கொரலக் கேக்கல்ல" என்றார் முதலாளி. இந்த மனிசன் அதைக் கேட்டுச் சந்தோசப்படவில்லை. காது இரண்டும் சிவந்துபோய் அறைக்குள் எழும்பிப் போய்விட்டார். முதலாளிக்கு நான்தான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறவர். வீடு பெண்ணுடையது. மாமியும் மருமகனும் ஒரே கூரைக்குள்தான், ஆனால் முகத்துக்கு முகம் கதைக்கமாட்டார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அதெல்லாம் பகடியாக இருக்கும். உம்மாவின் காலத்தில் அது மரியாதை. ராத்தா பள்ளிக்கூட டீச்சர், பகலில் வீட்டில் இருக்கமாட்டாள். ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி நான்.

"புள்ள, மாப்பிள்ளைக்கு மீன் ஆக்கவா, இறச்சி ஆக்கவா எண்டு கேளு" என்பாள் உம்மா, சேலைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு. மச்சான் திரைக்கு இந்தப் பக்கம்தான் இருப்பார்.

"மாமிக்கு எது லேசோ அத ஆக்கட்டும் எண்டு சொல்லு."

"அப்ப மீன்தான் எண்டு சொல்லு."

ஒரு நாள் எனக்குப் பொறுக்க ஏலாமல் போய், "ஏன், ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?" என்று கேட்டுவிட்டேன். உம்மா திரைக்குள்ளால் கையை நீட்டித் தொடையில் நுள்ளிய நுள்ளு ஒரு கிழமை நீலம் பாரித்துக் கிடந்தது. மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

இப்படி வெட்கமும் சிரிப்புமாகப் போன வீடுதான். சுனாமிக்குப் பிறகு அந்தச் சிரிப்பு இல்லாமல் போய்விட்டது. இரண்டு பேரும் ஒருவர் நிழலை ஒருவர் கண்டாலே ஒதுங்கினார்கள். உம்மா அடிக்கடி வரிப்பத்தான்சேனையில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய், வேளாண்மை வெட்டு முடிந்தும் வராமல் அங்கேயே கிடந்தாள். மச்சான் இரவு இசாத் தொழுகை முடிந்தும் பள்ளிவாசல் படியில் இருந்துவிட்டு, உம்மா படுத்த பிறகு வீட்டுக்கு வந்தார். "உம்மா வீட்ட உட்டுப் போவா, இல்லாட்டி இவர் என்ன உட்டுட்டுப் போவார். ரெண்டில ஒண்டு நடக்கப்போகுது" என்று ராத்தா என்னிடம் அழுதாள். அதுதான் எங்கள் வீட்டின் பயம். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், அதற்கு முதல் லெப்டொப் வாங்கிய கூத்தைச் சொல்லவேண்டும்.

ஆலை முதலாளி சும்மா இருக்கவில்லை. வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சிக்குக் குரல் தேர்வு நடப்பதை அறிந்து மச்சானைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர் இருந்து பார்த்தார்களாம். மச்சானுக்குத் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. அங்கிருந்த ஒரு நல்ல மனிசன், "வீட்டில வெச்சுப் பாடி, சீடியில அடிச்சு அனுப்புங்க. நல்லா இருந்தாப் போடுவம்" என்று சொல்லி அனுப்பினார். ஒருவரும் பார்க்காமல் பாடலாம், ஆனால் எல்லோரும் கேட்பார்கள். மச்சானுக்கென்றே செய்து வைத்த ஏற்பாடு அது. ஊருக்கு வந்த நாளிலிருந்து லெப்டொப் என்ற ஒரே நினைவுதான்.

அப்போது நான் கொம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று முடித்திருந்தேன். புதிது வாங்க வசதியில்லை, பாவித்ததுதான் வாங்கலாம் என்று முடிவானது. மெமரி போதாவிட்டால் பாடிக்கொண்டிருக்கும்போது திக்கி நின்றுவிடும், அதைப் பார்க்கவேண்டும் என்றேன். மைக் சொருக நல்ல துளை இருக்கவேண்டும், பாட்டைச் சேர்த்துவைக்க உள்ளே இடம் வேண்டும், சீடி எழுத ஏலவேண்டும் என்றெல்லாம் பெரிய மனிசி மாதிரி விளக்கம் கொடுத்தேன். மச்சான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சத்தம் எப்பிடி எண்டு பாக்கோணும்" என்றார்.

ராத்தா, நான், மச்சான் மூன்று பேரும் கல்முனை டவுனுக்குப் போனோம். கடைக்குள் மச்சான் வாய் திறக்கவில்லை. ராத்தாவின் காதில் குசுகுசுத்தார், ராத்தா என் காதில் குசுகுசுத்தாள், நான் கடைக்காரரிடம் கேட்டேன்.

"சத்தம் எப்பிடி?"

"சத்தமா தங்கச்சி? வீடே அதிரும்!" என்று கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டு உச்சத்துக்கு ஏற்றிவிட்டார். பக்கத்துக் கடைகளிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மச்சான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய், யாருடைய சைக்கிளையோ துடைப்பது மாதிரி நின்றுகொண்டார். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. கடைக்காரர் விடவில்லை, இதைவிடச் சத்தமானது இருக்கிறது என்று அடுத்ததை எடுத்தார். ராத்தா வெளியே போய் விசாரித்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. சத்தம் போடாத லெப்டொப்தான் மச்சானுக்கு வேண்டுமாம். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் பாட்டுக்குள் ஏறிவிடுமாம். அதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தமில்லாத லெப்டொப்பா? நிப்பாட்டி வெச்சா எல்லாம் சத்தமில்லாததுதான் தங்கச்சி" என்றார். கடைப் பொடியன்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது கடைக்குப் போகும்போது லுஹர் பாங்கு சொல்லிவிட்டது. கடைக்காரர் கதவைப் பாதி இழுத்துவிட்டு, "இரிங்க, தொழுதுட்டு வாறன்" என்று போனார். ரோட்டில் சந்தடி குறைந்தது. மச்சான் அந்த நேரத்தை விடவில்லை. அங்கே வரிசையாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்த லெப்டொப்புகளில் ஒவ்வொன்றாகக் குனிந்து, எழுத்துக் கட்டைகளின்மேல் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு போனார். கடைக்காரர் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறார், தாடி வைத்த வளர்ந்த மனிசன் ஒருவர் தன் சாமானில் தலை வைத்துக் கிடக்கிறார்.

"என்ன காக்கா, நித்திர வருதா?" என்று மூத்த அண்ணனை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

அல்லாவே, நான் ராத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். மச்சான் துடித்து நிமிர்ந்தார். கன்னத்தில் கட்டைகளின் தடம் பதிந்திருந்தது. ஆனால் கை ஒரு லெப்டொப்பை விடாமல் பிடித்திருந்தது. திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு ஓடுகிற பழையது. விலை மலிவு, ஒருவரும் தொடாமல் கிடந்தது.

"அத எடுக்காதீங்க காக்கா. அதில ஒண்ணையும் சரியாப் பாக்க ஏலா" என்றார் கடைக்காரர். மச்சான் அன்றைக்குக் கடைக்குள் கதைத்தது அப்போதுதான். "பாக்கிறத்துக்கு இல்ல. கேக்கிறத்துக்குத்தான்" என்றார். சண்டை பிடித்து மெமரியைக் கூட்டிப் போடவைத்தது நான். கட்டாரில் இருக்கும் பெரியம்மாவின் மகன் மைக் ஒன்றை அனுப்பினான்.

இனிச் சுனாமிக் கதை. லெப்டொப் வாங்குவதற்குச் சில வருசம் முந்தியது அது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் ராத்தாவும் அவளுடைய பிள்ளையும் இறக்காமத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தோம். கடற்கரைப் பக்கத்து எங்கள் பழைய வீட்டில் உம்மாவும் மச்சானும் மட்டும். வாப்பா முன்னரே மௌத்து. மாமி தனியாக இருக்கிற நேரத்தில் மச்சான் வீட்டுக்குள் இருக்கமாட்டார், கடப்படியில் கதிரையைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். உம்மா பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். கடல் வந்தது.

மச்சானைக் கொண்டுபோய்ப் பக்கத்து மதிலில் அடித்தது தண்ணீர். உம்மாவை வாரி, குளிக்கிற இடத்துச் சுவருக்கும் சாய்ந்த முருங்கை மரத்துக்கும் நடுவில் செருகிவிட்டு, உடுத்தியிருந்ததை உருவிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு எத்தனையோ பெண்களுக்கு அப்படித்தான் நடந்தது. ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டு ஹாஜியார் கூரையில் ஏறி நின்றவர். அவர்தான் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னவர். "நான் கண்ணால கண்டவன். மனிசன் சாரத்தக் கழட்டிக் கையில புடிச்சிக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, தட்டுத்தடவிப் போறார். மாமி, மாமி எண்டு கூப்பிட்டுக்கிட்டே போறார். நான் கத்துறன், தண்ணி திரும்பி வருது தம்பி, ஓடுங்க எண்டு. மனிசன் கேக்கல்ல. விழுறார், எழும்புறார், கண்ணத் தொறக்கல்ல!" முருங்கைக்கு அந்தப் பக்கம் போனதோடு ஹாஜியாருக்கு ஆள் மறைந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் ரோட்டால் பள்ளிவாசல் பக்கம் ஓடி வந்ததைத்தான் கண்டார். உம்மா மச்சானுடைய சாரத்தையும் சட்டையையும் சுற்றிக்கொண்டு பின்னால். மச்சான் இடுப்பில் ஒரு தென்னங்கிடுகை மறைத்துப் பிடித்துக்கொண்டு முன்னால். இரண்டாவது தண்ணீர் அவர்கள் ஓடிவந்த வளவைத் துடைத்து எடுத்துவிட்டது.

இடுப்பில் கிடுகோடு ஊருக்கு நடுவில் ஓடியது மச்சானுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது. ஆனால் ஊர் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கண்ணை மூடிக்கொண்டு மாமியைக் காப்பாற்றிய மருமகன்! வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மௌலவி பார்வையைத் தாழ்த்துவது பற்றிப் பயான் செய்து, ஊரில் இப்படியும் ஒரு வாலிபன் இருக்கிறான் என்று சொன்னார். அன்றோடு மச்சான் அந்தப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் போவதை விட்டார். சைக்கிளை மிதித்துக்கொண்டு நிந்தவூர்வரை போனார். யாராவது அந்தக் கதையை எடுத்தால், "உடுங்க, உடுங்க" என்று எழும்பிவிடுவார். அடக்கமான மனிசன் என்று அதற்கும் புகழ்ந்தார்கள். உம்மாவோ அந்தக் கதை கேட்கும் இடத்தில் நிற்கமாட்டாள். கண்ணை மூடினார் என்று சொல்வதற்கே, மூடவேண்டிய கோலத்தில் அவள் இருந்தாள் என்று சொல்லவேண்டியிருக்கிறதே! ஊர் புகழப் புகழ இரண்டு பேரும் செத்துச் செத்துப் பிழைத்தார்கள்.

கடைசியில் வயல் பக்கமாகக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. அறைச் சுவர்கள் கூரைவரை போகாது, மேலே திறந்து கிடக்கும். ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து யர்ஹமுகல்லாஹ் என்று துஆச் செய்யலாம். ஒருவர் சத்தத்திலிருந்து ஒருவர் ஒளிய ஏலாத வீடு. அதில்தான் மச்சானின் பாட்டுப் பதிவு தொடங்கியது.

இடம் தேடித் தேடி, கடைசியில் ராத்தாவின் அலுமாரியைத் தெரிவு செய்தார். கதவு இரண்டையும் திறந்து, தொங்குகிற சேலைகளுக்கு நடுவில் மைக்கைக் கட்டி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு பாடுவார். சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். முகமும் யாருக்கும் தெரியாது. "வாப்பா அலுமாரிக்குள்ள ஓதுறார்" என்று அவர்களுடைய சின்ன மகள் அயல் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் பாடவேண்டும், மாட்டியிருந்தால் உம் என்று ஒரு முனகல் வந்துவிடும். அந்தப் பழைய பெட்டரி ஒரு பாட்டுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் பாண் விற்கிற வண்டியின் பாட்டு வரும், மீன்காரர் கத்துவார், காகம் கத்தும். எல்லாம் தப்பினால் கோழி முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டும்.

"மாமிக்கிட்ட சொல்லு, கோழிக்குக் கொஞ்சம் தீனப் போட்டுப் பொறத்தால கொண்டு போகச்சொல்லி" என்பார். உம்மாவிடமிருந்து பதில் வராது, ஆனால் கோழி போய்விடும். உம்மா குழாயைப் பூட்டுவாள், அடுப்பில் கொதிக்கிறதை இறக்குவாள். மச்சான் பாடத் தொடங்கினால் சுவருக்கு அந்தப் பக்கம் பாயில் இருந்துகொண்டு தஸ்பீஹ் மணியைக்கூட உருட்டமாட்டாள், சத்தம் வரும் என்று. வரிப்பத்தான்சேனைக்குப் போகிற கதையையும் அந்த நாட்களில் அவள் எடுக்கவில்லை. ராத்தா அதைக் கவனித்து என்னைப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் கதைக்கவில்லை, கண்பட்டுவிடும் என்று பயம்.

ஒரு நாள் பாட்டு நன்றாக வந்துகொண்டிருக்கும்போது ரோடெல்லாம் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். யுத்தம் முடிந்துவிட்டதாம். மச்சான் அலுமாரியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "முடிஞ்சதுக்கு அல்லாவுக்கு சுக்ர் செய்யலாம். வெடி எதுக்கு?" என்றார். பாண்டிருப்பிலிருந்து எங்களுக்குத் தயிர் கொண்டுவரும் தமிழ் அக்கா அன்றைக்கு வரவில்லை. பிறகு வந்து சட்டியை இறக்கி வைத்தபோது உம்மா அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தயிரை வாங்கினாள். யுத்தம் நடந்த பக்கம் அகப்பட்ட அந்த அக்காவின் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் வராமல் இருந்தது எங்களுக்குத் தெரியும். எங்கள் ரோட்டில் வெடிக் கடுதாசி கூட்டாமல் கிடந்தது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன், ஆனால் அவள் அதைக் கண்டுவிட்டாள்.

பாட்டு ஒரு வழியாக முடிந்தது. மச்சானே கட்டிய கீதம். 'மறைப்பவனே, எங்கள் குறை மறைப்பவனே' என்று தொடங்கி அல்லாஹ்விடம் கேட்கிற பாட்டு. ஒருவரையும் கேட்கவிடாமல், தானே சீடியில் எழுதித் தானே தபாலில் போட்டார். தன் குரலைத் தானே கேட்கவும் அவருக்குக் கூச்சம். தொடக்கத்தைக் கேட்டுச் சரிபார்த்திருக்கிறார், நடுவில் கொஞ்சம் கேட்டிருக்கிறார், கடைசிவரை இருந்து கேட்கவில்லை.

பாட்டு வானொலியில் வரப்போகிற காலை எது என்று ஆலை முதலாளி ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வானொலியை வைத்துவிட்டு நாங்கள் கேட்டோம். மச்சான் வேலிப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குரலை அப்படிக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒரு இரைச்சல் இல்லை, ஒரு முனகல் இல்லை. தெரிந்துதான் தெரிவு செய்திருக்கிறார் மனிசன். பாட்டு முடிந்தது. முடிந்த அமைதிக்குள் இன்னொரு குரல் தெளிவாக வந்தது.

"புள்ள, மாப்பிள்ள முடிச்சிட்டாரா? கடைசியில இன்னம் கொஞ்சம் இழுத்திரிக்கலாம். நல்லாத்தான் இரிக்கி. சோறு ஆறுது எண்டு சொல்லு."

உம்மா! லெப்டொப்பின் சத்தம் இல்லாததால் சுவருக்கு மேலால் வந்த ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று விழுந்திருந்தது. அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். "சோறு ஆறுவதற்குள் அடுத்த பாட்டைக் கேட்டுவிடுவோம்" என்றார். அயல் வீடுகளிலிருந்து சிரிப்பு வெடித்தது. யாரோ வேலிக்கு மேலால், "மாமிட கொரலும் நல்லாத்தான் இரிக்கி!" என்று கத்தினார்கள். அந்நிய ஆண் கேட்டுவிடுவான் என்று குர்ஆனையும் வாய்க்குள்ளேயே ஓதுகிற மனிசி என் உம்மா. எழும்பி அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

மச்சான் உள்ளே வந்தார். லெப்டொப்பைத் துணியில் சுற்றினார். பையை எடுத்து இரண்டு சாரத்தையும் சட்டையையும் வைத்தார். "நான் ஆலையில போய் இரிக்கன். மாமிய ரெண்டு தரம் மானக்கேடாக்கிட்டன். இனி இந்த வீட்டில என்ட முகத்த வெச்சிக்கொண்டு இரிக்க ஏலா" என்றார் ராத்தாவிடம். ராத்தா பையின் வாரைப் பிடித்துக்கொண்டு குளறி அழுதாள். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பையோடு படியிறங்கினால் அதற்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். நான் உம்மாவின் கதவில் தட்டினேன். "உம்மா, மச்சான் போறார். ஒரு சொல்லுச் சொல்லுங்க!"

கதவு திறந்தது. உம்மா திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"புள்ள, மாப்பிள்ளைக்கிட்ட சொல்லு. கொரல ஊர் கேட்டத்துக்கு எனக்கு ஒண்ணுமில்ல. போக வேணாம் எண்டு சொல்லு."

நான் திரும்புமுன்னே மச்சான், "மாமிக்கிட்ட சொல்லு, நான் தெரிஞ்சு செய்யல்ல" என்றார்.

திரை விலகியது. உம்மா வெளியே வந்தாள். நடுவில் நின்ற என்னைக் கையால் ஒதுக்கினாள்.

"தெரிஞ்சு செய்ற மனிசனா நீங்க? அண்டைக்குக் கண்ண மூடிக்கிட்டு வந்தவர் நீங்க. ஊரே சொல்லுதே. ஒங்களுக்கு என்ன வெக்கம்?"

மச்சான் பையைக் கீழே வைத்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு எல்லாம் சரியாகிப் போயிருக்கும்.

"இல்ல மாமி" என்றார். "கண்ணத் தொறந்த நான். ஒருக்கா."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தின தரம் கூப்பிட்டும் ஒரு சத்தமும் இல்ல. தண்ணி திரும்பி வார இரைச்சல் கேட்டுச்சு. எங்கால போற எண்டு தெரியல்ல. தொறந்து பாத்த நான் மாமி. ஊர் சொல்றது பொய். பள்ளியில வெச்சுச் சொன்னதும் பொய்."

உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். விழப்போகிறாள் என்று நான் கிட்டப் போனேன், கிட்ட வராதே என்று கையைக் காட்டினாள்.

"எனக்குக் கேட்டுச்சு மனே" என்றாள், பெற்ற மகனைக் கூப்பிடுகிற மாதிரி. "நீங்க கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் கேட்டுச்சு. ரெண்டு முழத்துக்குள்ளதான் இரிந்த நான். இந்தக் கோலத்தில என்னக் காணப்போறாரே எண்ட வெக்கத்தில கையால வாயப் பொத்திக்கிட்டு இரிந்த நான். தண்ணி வந்து கொண்டு போகட்டும் எண்டுதான் இரிந்த நான். நான் வாய் தொறந்திரிந்தா நீங்க கண் தொறக்கத் தேவ இல்ல. இத்தன வருசமும் நீங்க வெக்கப்படுறத்தப் பாத்துப் பாத்து, நான்தான் காரணம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல."

வேலிக்கு அப்பால் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானின் தோள் இரண்டும் குலுங்கின. முகத்தைத் துடைக்க அவருக்குக் கை எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே, "மாமி" என்று கூப்பிட்டார். கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை, சும்மா கூப்பிட்டார்.

"ஓம் மனே" என்றாள் உம்மா.